பத்துக்கு ஒரு கடி

1973 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். செங்கல்பட்டில் இறங்கியபோது வெயில் வரவில்லை. பனிதான் இருந்தது. ரயிலடியை ஒட்டிய ஏரி முழுவதும் பனிக்குள் போயிருந்தது. கரையோரத் தண்ணீரில் நின்ற எருமைகளில் நான்கின் தலை தெரிந்தது. மற்றவை கணக்கில் வரவில்லை. இடது தாடையில், காதுக்கு ஒரு விரற்கடை முன்னால், வலி. ராத்திரி முழுக்க டிக்கெட் இல்லாமல் என்னோடு பிரயாணம் செய்தது அது ஒன்றுதான்.

நான் கோயமுத்தூர்க்காரன். ஒரு வங்கியில் முப்பத்தேழு வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தாறு. வலிக்கு வயது இரண்டரை. வாயைத் திறந்தால் காதோரம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், கதவின் கீல் நழுவுவது போல. அப்புறம் நெற்றிப்பொட்டு வரைக்கும் யாரோ திருகாணி முடுக்குவார்கள். முதலில் பார்த்த பல் வைத்தியர் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று அதைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல் என்றார். அதற்கும் போகவில்லை. மூன்றாவதோடு நான் நிறுத்திக்கொண்டேன். மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்தேன், ஒன்றிலும் சொத்தை இல்லை.

கடைசியாகப் பார்த்த பெரிய டாக்டர், இது முகத்து நரம்பின் கோளாறு, நரம்பை வெட்டிவிட்டால் வலி நின்றுவிடும் என்றார். இடது கன்னம் மட்டும் ஆயுளுக்கும் மரத்துப் போகுமாம். “சாப்பிடும்போது அந்தப் பக்கம் சோறு ஒட்டியிருந்தால் உங்களுக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். இரண்டு நாற்காலியும் ஒரு சுவர்க்கடிகாரமும் இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தேன். “இருக்கறாங்க” என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை வெட்டுவதாக முடிவாயிற்று.

அதற்கு ஏழு நாள் இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பத்மாவதி என்று ஒரு பல் டாக்டர் தாடை மூட்டு வலியைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறார், வெட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு தடவை காட்டிவிடு என்றார். முன்கூட்டி எழுதிக் கேட்காமல் கிளம்பியது என் தவறு.

பல் பிரிவின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“டாக்டரம்மா இல்ல பெருசு. மாபலிபுரம் பக்கம் குப்பத்துக்குப் போய்கீது. வெள்ளிக்கிழமதான் வரும்.”

“நான் கோயமுத்தூர்ல இருந்து வர்றனுங்க.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? அம்மா அங்க மீன்காரங்க வாயப் பாத்துகினு கீது. பஸ் புடிச்சா மத்தியானத்துக்குள்ள போய்டலாம். நாஸ்தா துன்னியா?”

எங்கள் ஊரில் கடன்காரனைத் திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். இங்கே வழி சொல்லும்போதும் பசி விசாரிக்கும்போதும் ‘நீ’தான். கோபம் வந்தது. ஆனால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் சாப்பிட்டேனா என்று கேட்ட முதல் ஆள் அவன். சாப்பிடவில்லை என்றேன். பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த ஓட்டலைக் கையால் காட்டினான்.

நான்கு இட்லி, அறுபது காசு. சாம்பாரில் ஊறவைத்து, பிசைந்து, வலது பக்கமாகவே தள்ளி, கவளத்துக்கு இருபது மெல்லல் என்று மென்றேன். பக்கத்து மேஜைக்காரர் மெதுவடையை இரண்டாகப் பிய்த்துத் தேங்காய்ச் சட்னியில் அழுத்தி அழுத்திச் சாப்பிட்டார். மேல் தோல் மொறுமொறுவென்று உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. வடையைக் கடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. காப்பி முப்பது காசு, அதில் சிக்கரி அதிகம்.

மாமல்லபுரம் பஸ்ஸில் இருக்கைகள் நாற்பத்திரண்டு. ஏறியவர்கள் அறுபத்து மூன்று, கூடைகள் பதினொன்று, கோழி இரண்டு. நான் கண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அவர் கிழித்த டிக்கெட்டுகளையும் எண்ணினேன். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரும் புளியமர நிழலில் இறங்கி நின்றோம். பேச்சுக் கொடுக்கலாம் என்றுதான் சொன்னேன்.

“ஆளு அறுபத்து மூணுங்க. டிக்கெட் அம்பத்தெட்டுதான் கிழிச்சிருக்கறீங்க.”

கண்டக்டர் வாயில் இருந்த பீடியைக் கீழே போட்டார். “இன்னா… இன்னா சொன்னீங்க?”

“அறுபத்து மூணு. கைக்குழந்தையைச் சேர்க்கலீங்க.”

“சார் செக்கிங்கா? மொதல்லியே சொல்லக் கூடாதா சார்? அந்த அஞ்சு பேரு நம்ம ஊரு ஜனம், எறங்கும்போது கொடுக்கறன்னு சொல்லிகீறாங்க…”

செக்கிங் இல்லை, ஓய்வு பெற்ற காசாளர் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் நம்பவில்லை. சக்கரம் மாற்றியதும் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, ஏற்கெனவே அங்கே இருந்தவரை எழுப்பிவிட்டார். யாரும் என்னோடு பேசவில்லை. அந்த ஐந்து பேரும் சில்லறையை எடுத்து நீட்டிக்கொண்டே வந்தார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு வாக்கியம் சொல்லப் போய், மிச்சம் ஒன்பது மைல் தனியாகப் பிரயாணம் செய்தேன். திருக்கழுக்குன்றத்து மலை ஜன்னல் வழியே தெரிந்தது. உச்சி வேளைக்கு இரண்டு கழுகு வரும் என்று சொல்வார்கள். நான் பார்த்தது ஒன்று.

மாமல்லபுரத்தில் ஏகாம்பரம் என்பவர் மெஸ் நடத்தினார். பின்கட்டில் ஒரு அறை இருந்தது, நாளைக்கு நான்கு ரூபாய். ஊர் முழுக்கச் சிற்பிகள் கல் கொத்தும் சத்தம். ஒவ்வொரு உளியடியும் நேராக என் காதோர மூட்டில் வந்து விழுந்தது. டாக்டரம்மா பயணியர் பங்களாவில் தங்கியிருக்கிறார், காலை ஏழு மணிக்கு ஜீப்பில் கிளம்பிவிடுவார் என்று ஏகாம்பரம் சொன்னார்.

சாயங்காலம் மெஸ்ஸில் ரசம் சாதத்துக்காகக் காத்திருந்தேன். எதிர் மேஜையில் இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு பையன், ஒரு பெண். சுவரில் மாட்டியிருந்த சாமிப் படங்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பையனைக் கேட்டாள்: “அந்தப் பெரியவர் என்ன சாப்பிடுகிறார்? அவருக்கு இன்னும் தட்டே வரவில்லையே.” பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “வெற்றிலையாக இருக்கும்” என்றான். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இலையில் சாதம் விழுந்ததும் மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கே பங்களா வாசலில் நின்றேன். டாக்டர் பத்மாவதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு. நான் சொல்ல வந்ததை முடிக்கும்முன் மணியைப் பார்த்தார். “ஜீப்ல ஏறுங்க சார். அங்கே உங்களையும் பார்க்கறேன்.”

நெம்மேலிப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஜீப் நின்றது. கீற்றுக் கொட்டகையில் வலைகளை ஒதுக்கிவிட்டு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். டாக்டரின் வேலை பார்க்க எளியது. வாயை முடிந்த மட்டும் திறக்கச் சொல்லி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே எஃகு அளவுகோலை வைத்துப் பார்ப்பார். காதோரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூட்டுச் சத்தம் கேட்பார். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் தாடைச் சதையை அழுத்தி, எங்கே வலி என்று கேட்பார். குப்பத்து ஜனங்கள் வலை பின்னும்போது நைலான் நூலைப் பல்லால்தான் இழுத்து அறுப்பார்கள். படாளம் பக்கத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் நாளெல்லாம் கரும்பு கடிப்பார்கள். இவர்களில் யாருக்குத் தாடை மூட்டு அதிகம் கெடுகிறது என்று அவர் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் முதலில் நின்றவள் கன்னியம்மா, மீன் வியாபாரம் செய்கிறவள், ஐம்பது வயது இருக்கும்.

“கன்னியம்மா, வாயத் திற.”

“தெறந்தா மூட மாட்டேன்மா, பரவால்லியா?”

பின்னாலிருந்து ஒரு ஆண்குரல்: “அவ வாய் மூடிகினு இருந்து யாரும்மா பாத்தது? எங்கண்ணன் பதினஞ்சு வருசமா காத்துகினு கீறாரு!”

“டேய் மாரி, உங்கண்ணன் வாங்குற கடனுக்கு நான் வாய் தொறக்காம இருந்தா வூடு ஏலத்துக்குப் போய்டும்டா.”

கொட்டகை முழுவதும் சிரித்தது. அளவுகோல் வாயில் இருக்கும்போதே கன்னியம்மாவும் சிரித்தாள். டாக்டர் அளவை இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதாயிற்று. ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். சத்தம் இல்லை, வலி இல்லை. அன்று அவர் பார்த்த பத்தொன்பது பேரில் வலி என்று சொன்னவர்கள் இரண்டே பேர்.

என் முறை வந்தபோது மணி பத்தரை. இருபத்தெட்டு மில்லிமீட்டர்தான் திறந்தது. இடது பக்கம் ‘டக்’. கட்டைவிரல்களைத் தாடையின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, “வாயை லூசா விடுங்க சார்” என்றார்.

அந்த நேரம் கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. கொட்டகைக்கு வெளியே மணலில் கானாங்கெளுத்தி கொட்டியிருந்தது. மாரி குத்தவைத்து உட்கார்ந்து கன்னியம்மாவின் கூடைக்கு மீன்களை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். “லாபம்… ரெண்டு… மூணு…” ஒன்று என்று தொடங்குவதில்லை. எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளப்பதும் இப்படித்தான்.

“லூசா விடுங்க.”

“விட்டுட்டனுங்க.”

“இல்லையே, இப்ப ஒரு கடி கடிச்சீங்க.”

“நான் ஒண்ணும் பண்ணலீங்க.”

அவர் கையை எடுக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து வெளியே மாரியின் குரலைக் கேட்டார். “…பத்தொம்போது, இருவது…” அவருடைய புருவம் உயர்ந்தது. “…இருவத்தொம்போது, முப்பது…” மறுபடியும் உயர்ந்தது. நாற்பதுக்கும் அப்படியே.

“மாரி! நிறுத்து.”

“எண்ணும்போது நிறுத்தாதம்மா, பேஜாரு! போச்சு, மறந்து போச்சு. எங்க வுட்டேன்?”

“நாப்பத்தொண்ணுல வுட்ட” என்றாள் வாங்குகிற கன்னியம்மா.

“ஏய், அம்பத்தாறு!” என்றான் விற்கிற மாரி.

இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கூடையைக் கவிழ்க்கப் போனார்கள். டாக்டர் என்னைக் கேட்டார். “நாற்பத்தேழுங்க” என்றேன்.

“பெருசு, நீ எண்ணிகினா இருந்த?” என்றான் மாரி. “சரி, டாக்டரம்மா தாடையப் புட்சிகினு கீற ஆளு பொய் சொல்லாது. நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது…”

“அம்பதுக்கு வலது பக்கமும் சேர்ந்து கடிச்சீங்க” என்றார் டாக்டர். “இது என்ன சார் பழக்கம்?”

யோசித்துத்தான் சொன்னேன். வங்கியில் சேர்ந்த புதிதில், நோட்டு எண்ணும்போது என் உதடு அசையும். தலைமைக் காசாளர் அதைக் கண்டித்தார். உதடு அசைந்தால் எதிரில் நிற்கிறவன் கூடவே எண்ணுவான், நடுவில் வம்பு பண்ணுவான் என்பார். வாயை மூடிக்கொண்டு எண்ணப் பழகினேன். பத்து நோட்டுக்கு ஒரு தடவை கடைவாயைக் கடித்து விடுவேன், பத்துக் கடி சேர்ந்தால் ஒரு கட்டு. விரல் நோட்டைத் தள்ளும், பல் பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு நாளும் கட்டில் பிசகு வந்ததில்லை. கொஞ்ச நாளில் கடிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. என் மனைவிக்கும் தெரியாது.

“சராசரி ஒரு நாளைக்கு நூறு கட்டுங்க. கட்டுக்குப் பத்து, அப்ப ஆயிரம். வருசத்துல வேலை நாள்…”

“இப்பவும் கடிக்கிறீங்க” என்றார். கட்டைவிரல் இன்னும் தாடையில்தான் இருந்தது.

கையை எடுத்துவிட்டு, “பாங்க்ல சாயங்காலம் கணக்கு முடிச்சதும் தாடைக்கு ஓய்வு கிடைச்சிருக்கும். இப்ப எப்ப நிறுத்தறீங்க?” என்று கேட்டார். நடக்கும்போது தந்திக் கம்பம், படுத்தால் உத்தரத்துக் கட்டை, சாப்பிடும்போது மெல்லல். பிடுங்கிய மூன்று பல்லும் எந்தக் குற்றமும் செய்யாதவை என்று டாக்டர் சொன்னார். அவை போன பிறகு மிச்சப் பல்லில் கடித்து, மூட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலி கூடிவிட்டதாம்.

திங்கட்கிழமை நரம்பை வெட்டப் போவதைச் சொன்னேன்.

“நரம்பே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் சார். ஆனா நரம்பு வலி மின்னல் மாதிரி வெட்டிட்டுப் போகும். உங்களுது மூட்டுலயும் சதையிலயும் தங்கியிருக்கு. அழுத்தினா வலிக்குது, சத்தம் வருது. மூட்டுன்னுதான் நினைக்கறேன். வெட்டின நரம்பு திரும்ப வராது. வெள்ளிக்கிழமை வரைக்கும் எண்ணாம இருந்து பாருங்க. உதடு சேரலாம், பல்லு சேரக் கூடாது. சுடு தண்ணியில துணி நனைச்சு ஒத்தடம் குடுங்க. கொஞ்சமாவது குறைஞ்சா, வெட்ட விடாதீங்க.”

“எண்ணாம எப்படிங்க இருக்கறது?”

“தானா வந்துச்சுன்னா வாய்விட்டு எண்ணுங்க. சத்தம் போட்டு எண்ணினா பல்லு சேராது.”

திரும்பும்போது ஜீப்பில் அவர் சோர்ந்து போயிருந்தார். நூல் கடிக்கிறவர்களுக்குத்தான் மூட்டு கெட்டிருக்கும் என்று நினைத்துக் கிளம்பினாராம். கடிக்கிற வேலை முடிந்ததும் அவர்கள் வாயை விட்டுவிடுகிறார்கள். பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பாடுகிறார்கள். ஆராய்ச்சி வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். “உங்களை எதுல சேர்க்கறதுன்னு தெரியலை சார். உங்களுக்குன்னு தனியா ஒரு பத்தி போடணும்.”

அங்கேயும் தனி.

இதுவரை எழுதிய எண்கள் எல்லாம் சரியானவை. இனி வருபவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

புதன்கிழமை காலை மெஸ்ஸில் இட்லித் தட்டைப் பார்த்ததும் உள்ளே எண் கிளம்பியது. டாக்டர் சொன்னது நினைவு வந்து, “ரெண்டு” என்று வாய்விட்டுச் சொன்னேன். ஏகாம்பரம் ஆவி பறக்க இன்னும் இரண்டு கொண்டுவந்து வைத்தார். “நாலு” என்றேன். “துன்னு பெருசு, துன்னு. நேத்து ரெண்டுக்கே அழுத” என்று மேலும் நாலு வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சட்னியைத் திரும்பத் திரும்பக் கேட்டு எல்லாவற்றையும் முடித்தேன். அவர் அடுப்பங்கரையில் இருந்த மனைவியிடம், கோயமுத்தூர்க்காரருக்கு நம் இட்லி பிடித்துவிட்டது என்று உரக்கச் சொன்னார்.

கடற்கரையில் ஆள் இல்லாத பக்கமாகப் போனேன். படகுகள், நண்டுப் பொந்துகள், அலைகள், எதைப் பார்த்தாலும் எண் வந்தது. வந்ததை எல்லாம் சத்தமாகச் சொன்னேன். காற்றில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பால்காரனிடமும் தபால்காரனிடமும் எப்போதாவது ஒரு வார்த்தை பேசுவதைத் தவிர, வெகு காலமாக அதை நான் கேட்டதில்லை. முப்பது அலைக்குப் பிறகோ நாற்பது அலைக்குப் பிறகோ, பின்னால் யாரோ சிரித்தார்கள். கன்னியம்மா, தலையில் மீன்கூடையோடு.

“இன்னா பெருசு, அலைய எண்றியா? யாருக்குக் கணக்கு ஒப்பிக்கப் போற?”

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“வூட்ல யாரு கீறாங்க?”

“யாருமில்லீங்க.”

சொன்ன பிறகுதான் கவனித்தேன், ஆறு வருடத்தில் அதை ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. என் மனைவி இருந்தவரை, நான் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு எத்தனை கட்டுங்க?” என்று கேட்பாள். சொல்வேன். “அத்தனையா!” என்பாள். தினமும் அதே வார்த்தை. ஓய்வு பெற்ற பிறகும் கேட்டாள். கடைவீதிக்குப் போய் வந்தால், வழியில் எத்தனை மாட்டுவண்டி என்று கேட்டாள். அவள் போனபின் எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை. இதையெல்லாம் கன்னியம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கூடையை இறக்கினாள்.

“சரி, மீனு வாங்கு. முள்ளு நெறைய கீது, உக்காந்து எண்ணலாம்.”

வாங்கினேன். ஏகாம்பரத்தின் மனைவி அதை முள் எடுத்துக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அதனால் எண்ண ஒன்றும் மிஞ்சவில்லை.

வியாழக்கிழமை, வாய்விட்டும் எண்ணாமல் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். கடற்கரைக் கோயிலின் மதிலோரம் உட்கார்ந்தேன். எண் வரும்போதெல்லாம் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்தேன். ஒரு மணி நேரம் கடினமாக இருந்தது. அப்புறம் வருவது குறைந்தது. எண்ணாமல் பார்த்தால் கடல் மிகப் பெரிதாக இருந்தது. எங்கே ஆரம்பித்துப் பார்ப்பது என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து போனது. வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும் கல்லில் சாய்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது, இறங்கியது. மணி பார்க்கவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று தேட இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. எண்ணிக்கொண்டிருக்கும்போது இது தெரிவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வலி இருந்ததா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், தாடையைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் ஏகாம்பரத்திடம் ஒரு வடை கேட்டேன். ஊறவைக்காமல். தோலைக் கடித்தபோது ‘டக்’ என்றது, திருகாணி வரவில்லை. பாதி வடை முடிந்த பிறகுதான், எத்தனை மெல்லல் என்று பார்க்காமல் விட்டது தெரிந்தது.

இத்தோடு குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். வெள்ளிக்கிழமை செங்கல்பட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. பெட்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்ததும் என்னையறியாமல் உள்ளே தொடங்கிவிட்டேன். வண்டி முடிவதற்குள் நெற்றிப்பொட்டு வரை முடுக்கிவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பக்கத்து சீட்டுப் பெண், “இன்னா நைனா, பல்லு நோவா? கிராம்பு வெச்சிக்க” என்றாள். நரம்புதானோ என்ற பயம் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிப் படி ஏறும்வரை அது போகவில்லை.

டாக்டர் அளவுகோலை வைத்தார். முப்பத்தொன்று.

“மூணு கூடியிருக்கு.”

“இது நிறையங்களா?”

“நிறையன்னு சொல்ல முடியாது.”

கூட்ஸ் வண்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எண்ணினா வருது, எண்ணலைன்னா குறையுது. நரம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார். ஆனா வெட்டறதும் வேண்டாங்கறதும் நீங்க முடிவு பண்ணணும். நாலு மாசம் கழிச்சு வலி இப்படியே இருந்தா என்னைத் திட்டக் கூடாது.” மூன்று மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார். “அதுவரைக்கும் வீட்டுல யார்கிட்டயாவது தினம் கொஞ்சம் பேசுங்க. தாடைக்கு அதுதான் நல்ல பயிற்சி.”

“யாருமில்லீங்க” என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். “அப்ப மாசத்துக்கு ஒரு தடவையா வாங்க” என்றார்.

தபால் நிலையத்தில் தந்தித் தாளை வாங்கிக்கொண்டு சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன். வலியோடு இருப்பது எனக்குப் பழக்கம். எண்ணாமல் வீட்டில் எப்படி இருக்கப் போகிறேன் என்பதுதான் தெரியவில்லை. அந்த இரண்டு நாற்காலிக்கும் நடுவில், வெறும் ஆளாக, காலை முதல் ராத்திரி வரை. மரத்துப் போன கன்னத்தோடு இஷ்டம்போல எண்ணிக்கொண்டே இருந்துவிடலாம். அதுவும் ஒரு வழிதான். நாக்கால் இடது கன்னத்தை உள்ளிருந்து தடவிப் பார்த்தேன். சூடாக, ஈரமாக, உயிரோடு இருந்தது.

அறுவை வேண்டாம், நான் திங்கட்கிழமை வரவில்லை என்று பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன்.

குமாஸ்தா பேனா முனையால் ஒவ்வொரு வார்த்தையாகக் குத்திக் கட்டணம் சொன்னார். அவர் சொன்ன எண்ணிக்கையை நான் சரிபார்க்கவில்லை. நோட்டை நீட்டினேன். சில்லறையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

“எண்ணிப் பாத்துக்க பெருசு. அப்பால வந்து கேக்காத.”

கையில் அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ரயில், பஸ், அறை, மெஸ், கன்னியம்மாவின் மீன், இந்தத் தந்தி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு எண்பத்து நான்கு ரூபாய்ச் சொச்சம்.